தருமபுரி, கிருஷ்ணகிரிக்குக் குழந்தையோடு புதிதாக வந்திருக்கிறீர்களா? கோடைக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மாற்றலாகி தருமபுரிக்கோ, கம்பெனி வேலைக்காக ஓசூருக்கோ, கல்யாணமாகி கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர் ஒன்றுக்கோ கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவர்கள் மார்ச் பிறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, ஏசி போடலாமா, ஏர்கூலர் போதுமா என்பதுதான். அதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பிள்ளைகள் இருக்கிற வீட்டின் கோடை தண்ணீரைச் சுற்றித்தான் ஓடும். குடிக்கிற தண்ணீர், பிடித்து வைக்கிற தண்ணீர், வயிற்றுப்போக்கில் உடம்பை விட்டுப் போகிற தண்ணீர், லீவு விட்டதும் பையன்கள் போய்க் குதிக்கிற கிணற்றுத் தண்ணீர் என்று எல்லாம் அதில் அடக்கம். வரிசையாகச் சொல்கிறேன். மருந்து அளவு மட்டும் உங்கள் டாக்டர் எழுதிக் கொடுப்பதுதான், அதில் என்னையோ பக்கத்து வீட்டு அக்காவையோ நம்ப வேண்டாம்.

முதல் வேலை: குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்

வாடகைக்கு வீடு பார்க்கும்போதே வீட்டுக்காரரிடம் "ஒகேனக்கல் தண்ணி வருதா, போர் தண்ணியா?" என்று கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் இரண்டும் இருக்கும். துணி துவைக்க, பாத்திரம் துலக்க போர், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல். இந்தப் பிரிவினையை வீட்டில் எல்லோரும், வேலைக்கு வருகிற அம்மா உட்பட, கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். காரணம் ஃபுளோரைடு. இங்கே நிலத்தடிப் பாறையிலிருந்தே அது தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இதைத் தாண்டும். வயதானவர்கள் சிலரின் பல்லில் காவி நிறக் கோடுகள் பார்த்திருப்பீர்கள், அதெல்லாம் வெற்றிலைக் கறை என்று நினைத்துவிடாதீர்கள். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள், 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

குழந்தை இருக்கிற வீடு இதில் ஏன் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும் என்றால், ஆறேழு வயதில் முளைக்கப்போகிற நிரந்தரப் பல் பிறந்ததிலிருந்தே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. இரண்டு வயதில் குடித்த தண்ணீரின் கணக்கு ஏழு வயதில் பல்லில் வெள்ளைத் திட்டாகவோ பழுப்புக் கோடாகவோ வெளியே தெரியும், அதற்குப் பிறகு எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எட்டு வயது வரை இந்தக் கவனம் வேண்டும்.

இங்கே பலர் தவறாக நம்புவது கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று. கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். கேண்டில் வைத்த பழைய ஃபில்டரும் யூவி மட்டும் இருக்கிற ஃபில்டரும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. எடுத்துவிடும், ஆனால் அது வெளியே தள்ளுகிற கழிவு நீரை ஒரு வாளியில் பிடித்து வீடு துடைக்கப் பயன்படுத்துங்கள், கோடையில் அதைச் சாக்கடையில் விடப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வராது. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஒகேனக்கல் தண்ணீர் முறை வைத்து வரும்போது மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்து விடுகிற ஊர்களும் உண்டு. தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் நல்லபடியாகப் பழகி வையுங்கள், அவர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும்.

ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எந்தத் தண்ணீரும் வேண்டாம். "இந்த வெயில்ல தொண்டை காயுமே, ஒரு ஸ்பூன் கொடு" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தாய்ப்பாலிலேயே தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, வெயில் நாளில் குழந்தை அடிக்கடி பால் கேட்கும், கொடுத்துக்கொண்டே இருங்கள், அம்மா மட்டும் நிறையக் குடிக்க வேண்டும். டாக்டர் சொல்லி பால் பவுடர் கரைக்கிறவர்கள் அதற்குப் போர் தண்ணீரை எடுக்கவே கூடாது.

இரண்டாவது: பிடித்து வைக்கிற தண்ணீரை மூடுங்கள்

தண்ணீர் தினமும் வராத ஊரில் டிரம், குண்டா, சம்பு, மாடியில் சின்டெக்ஸ் என்று வீடு முழுக்கத் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசுவுக்கு அந்தச் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும், சாக்கடை அல்ல. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள் டிரம்மைக் கவிழ்த்து, உள் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பிடியுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். வாயை வெள்ளைத் துணியால் கட்டுங்கள். ஏர்கூலரின் அடித்தட்டு, ஃபிரிட்ஜ் பின்பக்கத் தட்டு, மாடியில் கிடக்கிற தேங்காய் ஓடு, இதெல்லாம் மே மாதக் கோடை மழைக்கு முன் பார்க்க வேண்டியவை. அந்தக் கொசு கடிப்பது பகலில், ஆகையால் தொட்டிலில் தூங்குகிற குழந்தைக்குக் கொசுவலை மத்தியானமும் வேண்டும்.

இன்னொன்று. தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் பாத்ரூம் வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்காதீர்கள். தலைகீழாக விழுந்தால் அரை வாளித் தண்ணீர் போதும்.

மூன்றாவது: கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி

ஊர் மாறி வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி விட்டுப்போவது சகஜம். வந்த வாரமே தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி, 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாவது, ஐந்து வயதில் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர். லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போகிற அவசரத்தில் மறந்துபோவது பெரும்பாலும் அந்த 16 மாத ஊசிதான். அட்டையைப் போட்டோ எடுத்து இரண்டு கைப்பேசியிலும் வைத்துக்கொண்டால் எந்த ஊரில் இருந்தாலும் காட்டிப் போட்டுக்கொள்ளலாம், அரசு இடங்களில் காசு கிடையாது. சின்னம்மைக்கான தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை, தனியாரிடம்தான் போட வேண்டும்.

அங்கன்வாடி என்றால் சத்துமாவு வாங்குகிற இடம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மாதாமாதம் எடை போட்டு அட்டையில் கோடு வரைவார்கள். கோடு ஏறாமல் படுத்துக்கொண்டால் அதுதான் முதல் எச்சரிக்கை, பார்ப்பதற்குக் குழந்தை நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டில் மாமனார், மாமியார் சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுக்கிறவர்கள் என்றால் அதே செவிலியரிடம் மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் கேட்டுவிடுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பெரியவர்கள் வெயிலில் மாத்திரைக்கு அலையாமல் இருந்தால் மத்தியானம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கும், இது சுயநலமான யோசனைதான்.

நான்காவது: நாளை எப்படி ஓட்டுவது

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500-ஐ ஒட்டி. ஓசூரில் இரவு ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். அந்தத் தைரியத்தில் கத்திரி வெயிலில், அதாவது மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வாக்கில் முடிகிற அந்த நாட்களில், பிள்ளையை பைக் முன்னால் உட்காரவைத்துக் கீழே கிருஷ்ணகிரிச் சந்தைக்கு மதியம் போகிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பைக்கில்தான் போக வேண்டுமென்றால் காலை ஒன்பதுக்குள் போய்வாருங்கள். ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரை குழந்தைக்கும் ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட்டும் சட்டப்படியே கட்டாயம், வெயிலுக்கு மேலே போர்த்துகிற துண்டு ஹெல்மெட் ஆகாது.

ஏசி கேள்விக்கு வருகிறேன். மொட்டை மாடிக்குக் கீழே நேரடியாக இருக்கிற தளத்து வீடு என்றால் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டுவதும் பாதி வேலையைச் செய்துவிடும். ஏர்கூலர் வாங்கினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் அறை புழுங்கும், வேர்க்குரு இரண்டு மடங்காகும்.

வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்டாதீர்கள், துவாரம் அடைத்து மோசமாகும், மூக்கிலும் போகும். காலையும் மாலையும் சாதாரணத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஈரத்தை ஒற்றி, மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, வீட்டில் என்றால் அதுவும் இல்லாமல், அவ்வளவுதான். எண்ணெய்க் குளியல் போடுங்கள், சந்தோஷமான விஷயம், ஆனால் குளிப்பாட்டுகிற ஆயா மூக்கில் ஊதுவது, எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது மூன்றையும் முதல் நாளே மறுத்துவிடுங்கள்.

ஐந்தாவது: சாப்பாடு

இது சுலபம், ஏனென்றால் ஊரே கோடைக்கான சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறது. ராகியைத் தேட வேண்டியதில்லை. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முளைகட்டிய ராகியை அரைத்துத் துணியில் வடித்துக் காய்ச்சின கூழ் நல்ல தொடக்கம், 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதற்காக மூன்று வேளையும் அதையே கொடுக்காதீர்கள், பருப்புச் சாதம், முட்டை மஞ்சள் கரு, வாழைப்பழம், கீரை எல்லாம் மாறி மாறிப் போகட்டும். பெரிய பிள்ளைகளுக்குக் காலையில் மோர் கரைத்த கூழும் சின்ன வெங்காயமும். களி உருண்டையை இங்கே பெரியவர்கள் மெல்லாமல் விழுங்குவார்கள், அதைப் பார்த்து மூன்று வயதுப் பிள்ளையும் விழுங்கப் பார்க்கும், அதற்குக் குழைத்துக் கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவதும் கூடாது.

மாம்பழம் வேறு ஊரில் ஆசைக்கு வாங்குவது, கிருஷ்ணகிரியில் கூடை கூடையாக வீட்டுக்கு வரும். கிளிமூக்கு மாங்காய் என்று நீங்கள் சொல்வதை இங்கே பெங்களூரா என்பார்கள், பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போவது அது. பிள்ளைகளுக்குச் செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா, கடைசியில் நீலம். மாம்பழம் தின்றால் சூட்டுக்கட்டி வரும் என்று பிள்ளைக்குக் கொடுக்கவே விடாத வீடுகள் உண்டு. கட்டி வருவது வியர்வையாலும் அழுக்கு நகத்தாலும். காம்பில் வடிகிற பால் உதட்டில் பட்டால் புண்ணாகும் என்பது மட்டும் உண்மை, அதனால் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, கழுவி, தோல் சீவிக் கொடுங்கள். கல் வைத்துப் பழுக்க வைத்த பழம், அதாவது கார்பைடு, தடை செய்யப்பட்டது. வெளியே ஒரே சீரான மஞ்சள், வாசனை இல்லை, வெட்டினால் கொட்டைப் பக்கம் வெளுப்பு என்றால் ஒதுக்குங்கள். தோட்டத்துக்காரரிடம் முற்றின காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ போட்டுப் பழுக்க வைப்பதே நல்லது.

நுங்கை நாலாக வெட்டிக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் வழுக்கித் தொண்டைக்குப் போகும். நிலக்கடலை, புளியங்கொட்டை இரண்டும் இங்கே எந்த வீட்டுத் தரையிலும் கிடக்கும். நாலு வயதுக்குள் பிள்ளை இருந்தால் புளி தட்டுகிற வேலையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆறாவது: உடம்புக்கு முடியாமல் போனால்

கோடையில் பிள்ளைகளைப் படுக்கவைப்பது முதலில் வயிற்றுப்போக்கு. "பல் முளைக்குது, அதான் போகுது" என்று நாளைக் கடத்துவதுதான் இந்த ஊரிலும் நடக்கிற தப்பு. பல் முளைப்பதால் வயிறு போகாது. அந்த மாதங்களில் குழந்தை தவழ்ந்து கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது, கிருமி அப்படி உள்ளே போகிறது. அதேபோல "உச்சி உள்ளே விழுந்துடுச்சு" என்று உச்சியில் எண்ணெய் வைத்து ஊதுவது, "குடல் ஏறிக்கிச்சு" என்று வயிற்றைத் தேய்ப்பது, "தொக்கம் இருக்கு", அதாவது சாப்பிட்டது உள்ளே சிக்கியிருக்கிறது, என்று வாயால் உறிஞ்சி எடுப்பது. உச்சிக்குழி உள்ளே போனது நிஜம்தான், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தம். நல்ல எண்ணத்தில் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதால் மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், "முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் அங்க போகலாம் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு யாரும் அங்கே போவதில்லை.

வீட்டில் எப்போதும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும், சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில், சின்னது என்றால் 200 மில்லியில், பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி. பாதிப் பாக்கெட்டை அரை டம்ளரில் கரைப்பது, இனிப்புக்குச் சர்க்கரை சேர்ப்பது இரண்டும் ஆபத்து. கரைத்தது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். ஜிங்க் மாத்திரையும் தருவார்கள், போக்கு நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கிற பழச்சாறு ஓ.ஆர்.எஸ். ஆகாது, அந்தப் பெயரை அப்படிப்பட்ட பானங்களில் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம், இதில் எது தெரிந்தாலும் வீட்டில் உட்காராதீர்கள்.

அடுத்து காய்ச்சல். மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, நேரம் காலம் பார்க்காமல். பெரிய பிள்ளைகளுக்குப் பாராசிட்டமால் எடைக்கு ஏற்ற அளவு, அதை டாக்டரிடம் எழுதி வாங்கிப் பாட்டிலில் ஒட்டிவையுங்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் இருந்தாலும் திறன் வேறு, போன தடவை 5 மில்லி கொடுத்தோம் என்று இந்தத் தடவை வேறு பாட்டிலில் 5 மில்லி ஊற்றக் கூடாது. இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் வேண்டவே வேண்டாம். காய்ச்சலில் வெட்டு, அதாவது வலிப்பு, வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள், வாயில் ஸ்பூன், கையில் சாவிக்கொத்து எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108, முதல் தடவை வருகிறதென்றால் சீக்கிரம் நின்றாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கோடை மழைக்குப் பிறகு வருகிற காய்ச்சலில் டெங்குவை மனதில் வையுங்கள். அதில் ஏமாற்றுகிற விஷயம், காய்ச்சல் விடுகிற நாளில்தான் உடம்பு மோசமாவது. சூடு இறங்கிவிட்டது என்று நாம் நிம்மதியாகிறபோது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது என்று தொடங்கினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புரூபென் வகை மருந்து டெங்கு சந்தேகம் இருக்கும்போது கொடுக்கக் கூடாது.

அம்மை போட்டால் வேப்பிலை கட்டுவது, இளநீர், கூழ், வீட்டில் தாளிக்காமல் இருப்பது, இதெல்லாம் செய்யுங்கள், குழந்தைக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. ஆட்களைச் சேர்க்காமல் இருப்பது மருத்துவப்படியும் சரிதான், கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை பரவும். டாக்டரிடம் காட்டினால் அம்மனுக்குக் கோபம் வரும் என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் கர்ப்பிணியோ பிறந்த குழந்தையோ இருந்தால் உடனே காட்டியே ஆக வேண்டும்.

ஏழாவது: எந்த மாதத்தில் எது

லீவுக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கியதும், "எங்க பையன் எட்டு மாசத்துலயே நடந்தான்" என்று ஆரம்பிப்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தோராயமாக நாலு மாதத்தில் தலை நிற்கும், ஆறு மாதத்துக்குள் குப்புற விழும், எட்டு ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரும், ஒரு வயதை ஒட்டிப் பிடித்து நிற்கும், ஒரு வார்த்தை சொல்லும், ஒன்றேகால் வயது வாக்கில் நடக்கும். முன்னே பின்னே இருக்கும், சில குழந்தைகள் தவழாமலே எழுந்து நிற்கும். ஐந்து மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, முன்பு செய்ததைச் செய்யாமல் விட்டுவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்" என்கிற வாக்கியம் எத்தனையோ பிள்ளைகளின் ஒரு வருஷத்தைத் தின்றிருக்கிறது. செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொன்னால் மாவட்ட மருத்துவமனையில் இதற்கென்றே இருக்கிற பிரிவுக்கு அனுப்புவார்கள், பரிசோதனைக்குக் காசு இல்லை.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு தனிச் சேதி. வீட்டில் தமிழ், எதிர் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம் என்று குழந்தை மூன்று மொழி கேட்டு வளரும். அதனால்தான் பேச்சு வரவில்லை என்று சொல்வார்கள். பல மொழி கேட்பதால் பேச்சு தள்ளிப்போகாது. "அம்மா, பாலு, நீரு" என்று கலந்து சொன்னாலும் எல்லாம் கணக்கில் சேர்த்தியே. இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறதா என்று பாருங்கள், அது எந்த மொழியாக இருந்தால் என்ன.

சக்கரம் வைத்து உள்ளே உட்காரவைக்கிற வாக்கர் வேண்டாம், படியில் உருளும். தள்ளிக்கொண்டு நடக்கிற மர நடைவண்டி போதும். மத்தியானம் மொட்டை மாடியில், வாசல் சிமெண்டில் வெறுங்காலோடு விடாதீர்கள், நடை பழகுகிற பாதம் நிமிஷத்தில் கொப்பளித்துவிடும்.

குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து எல்லாம் இந்த மாதங்களில்தான் வரும். நாவிதரிடம் புது பிளேடு கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், காது குத்துகிறவரிடம் புது ஊசி. மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதற்குள் மூன்று தவணைத் தடுப்பூசியாவது முடிந்திருக்கட்டும். கறி விருந்தில் காலையில் செய்து மாலை வரை அண்டாவில் இருந்த குழம்பைக் குழந்தைக்கு ஊட்ட வேண்டாம்.

எட்டாவது: கிணறு, தேள், பாம்பு

பெரிய பிள்ளைகள் லீவில் கிணற்றுக்கும் ஏரிக்கும் போகாமல் இருக்கமாட்டார்கள். நீச்சல் கற்றுக்கொடுங்கள், பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமல் இறங்கக் கூடாது என்று சட்டம் போடுங்கள். கல்குவாரிக் குட்டைப் பக்கமே விடாதீர்கள், ஓரத்திலேயே ஆள் மூழ்குகிற ஆழம் இருக்கும்.

புழுக்கம் தாங்காமல் தரையில், திண்ணையில் படுப்பது வழக்கம். கட்டுவிரியன் இரவில் வந்து படுத்திருக்கிறவர்களைக் கடிக்கும், கடித்த இடம் வலிக்காமலும் இருக்கும். விடிகாலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்றால் அதையும் நினையுங்கள். கட்டிலில் படுக்கவைத்துக் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பாறை நிறைந்த ஊர் என்பதால் தேளும் அதிகம். சின்னப் பிள்ளையைத் தேள் கொட்டி வியர்த்து, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டால் அது இதயத்தைப் பாதிக்கிறது, மந்திரிக்க நேரமில்லை. காலையில் செருப்பை, ஷூவை உதறிப் போடப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

கடைசியாக: ஒகேனக்கல்

லீவில் ஒரு நாளாவது போகாமல் விடமாட்டார்கள். புறப்படுவதற்கு முன் காவிரியில் நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் பாருங்கள், கர்நாடகத்தில் அணை திறந்தால் பரிசலையும் குளிப்பதையும் நிறுத்திவிடுவார்கள், பென்னாகரம் தாண்டிப் போன பிறகு தெரிந்தால் பிள்ளைகள் அழுது தீர்த்துவிடும். காலை எட்டரைக்குள் அங்கே இருங்கள். பரிசலில் குழந்தைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீர்கள், பெரியவர்களுடையதை மாட்டினால் தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும். அனுமதித்த இடத்தில் மட்டும் குளிக்கலாம், பாறை வழுக்கும். மீனை உங்கள் கண் முன்னால் பொரிக்கச் சொல்லிச் சூடாக வாங்குங்கள், முள் எடுத்துக் கொடுங்கள். கூட்டத்தில் பிள்ளை தவறிப்போனால் என்ன செய்வது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, அப்பா அம்மா இருவரின் கைப்பேசி எண்ணையும் பேனாவால் பிள்ளையின் முன்கையில் எழுதிவிடுங்கள், சட்டைப்பையில் சீட்டு வைத்தால் நனைந்துபோகும். குடிக்கிற தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.